8 அடி குளத்துல 10 கோய் விடலாமா? அப்பாவோட குளத்துக்கு எந்த மீன் சரி?

வாசகர் கேள்வி: அப்பா ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் தோட்டத்துல அவரே ஒரு குளம் கட்டியிருக்கார். முட்டை வடிவம், நீளம் 8 அடி, அகலம் 5 அடி, நடுவுல 2 அடி ஆழம், ஓரமெல்லாம் 1 அடிதான் இருக்கும். தண்ணி நிரப்பி மூணு வாரம் ஆச்சு. சின்ன பம்ப் ஒண்ணு ஓடுது, ராத்திரி ஆஃப் பண்ணிடுவோம். ரெண்டு அல்லித் தொட்டி இறக்கியிருக்கோம். போன வாரம் 3 இன்ச் சைஸ்ல 4 கோய் வாங்கி விட்டார். இந்தக் குளத்துக்கு 10 கோய், 10 கோல்ட்ஃபிஷ், பாசி திங்க ஒரு சக்கர் மீன் தாராளமா விடலாம், குளம் எவ்ளோ இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளரும்னு கடையில சொன்னாங்களாம். இப்ப தண்ணி பச்சையாயிடுச்சு, ரெண்டு நாளா விடியக்காலையில நாலு மீனும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, வெயில் ஏறினா சரியாயிடுது. உண்மையில எத்தனை மீன் விடலாம், எந்த மீன் விடலாம்? கொசுவும் வரக்கூடாது. அப்பா ரொம்ப ஆசையா கட்டினது, அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னும் தெரியல.

பதில்:

தம்பி, மீன் கணக்கெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல இன்னைக்கு ராத்திரி பண்ண வேண்டியத பண்ணிடுங்க. அந்த பம்ப ராத்திரியில ஆஃப் பண்ணாதீங்க. பகல்ல வேணும்னா கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாம், ராத்திரி கண்டிப்பா ஓடணும், முடிஞ்சா ஒரு ஏர் பம்ப்பும் ஏர் ஸ்டோனும் வாங்கிப் போட்டுடுங்க. ஏன்னா உங்க தண்ணி பச்சையா இருக்குன்னா அதுல கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்குல மிதக்குதுன்னு அர்த்தம், அது பகல்ல வெயில் இருக்கற வரைக்கும் ஆக்சிஜன் கொடுக்கும், இருட்டினதும் மீன் மாதிரியே அதுவும் ஆக்சிஜன் எடுக்க ஆரம்பிச்சிடும், அல்லிச் செடியும் அப்படித்தான். ராத்திரி பூரா எல்லாரும் எடுத்துக்கிட்டே இருக்க, கொடுக்க ஆள் இல்லாம, சூரியன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் கீழ போய் நிக்கும். அந்த நேரத்துலதான் உங்க மீனு மேல வருது. வெயில் ஏறினதும் சரியாகுதுன்னு நீங்க கவனிச்சு எழுதினீங்க பாருங்க, அதுதான் இத என்னன்னு கண்டுபிடிக்க உதவுச்சு. நாள் பூரா மேலயே நின்னாலோ, செவுள் ரத்தச் சிவப்பா ஆனாலோ, ஒடம்பத் தரையில போய்த் தேய்ச்சாலோ அது மீன் கழிவா வெளிய விடற அம்மோனியாங்கற விஷத்தால வந்த பிரச்சனையா இருக்க வாய்ப்பு அதிகம், ஒட்டுண்ணியாவும் இருக்கலாம், அப்ப கதை வேற.

அதோட இன்னும் ரெண்டு விஷயம் உடனே செய்யுங்க. ரெண்டு மூணு நாளைக்குத் தீனி போடாதீங்க, 3 இன்ச் கோய் அதத் தாங்கிக்கும், ஒண்ணும் ஆகாது. கால்வாசித் தண்ணிய எடுத்துட்டுப் புதுத் தண்ணி விடுங்க, ஆனா குழாய்த் தண்ணியா இருந்தா குளோரின் எடுக்கற மருந்து ஊத்தாம நேரா விட்டுடாதீங்க. குளோரின் மட்டும் இருந்தா ஒரு தொட்டியில பிடிச்சு ஒண்ணு ரெண்டு நாள் வெச்சாலே போயிடும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணின்னா எத்தனை நாள் வெச்சாலும் லேசுல போகாது, அதனால மருந்து ஊத்திடறதுதான் பயமில்லாத வழி. அப்படியே அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணியோட அமில, காரத் தன்மை) மூணும் பாக்கற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிடுங்க. மீன் வாங்கற காச விட முக்கியமான செலவு அது.

சரி, இப்ப குளத்துக்கு வருவோம். அளவு கொடுத்து எழுதினதுக்கு நன்றி, முக்கால்வாசிப் பேர் "மீடியம் சைஸ் குளம்"னு எழுதுவாங்க, அத வெச்சு நான் ஒண்ணுமே சொல்ல முடியாது. கடையில 8, 5, 2 மூணையும் பெருக்கி 80 கன அடி, ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக 2,260 லிட்டர்னு நினைச்சிருப்பாங்க. ஆனா உங்க குளம் பெட்டி மாதிரி இல்லையே. முட்டை வடிவத்துக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.785 ஆல பெருக்கணும், அப்ப மேல்பரப்பு 31 சதுர அடிதான் வருது. ஆழமும் நடுவுல மட்டும்தான் 2 அடி, ஓரம் 1 அடி, சராசரியா ஒன்றரை அடின்னு வெச்சா 47 கன அடி, அதாவது 1,330 லிட்டர். அதுல அல்லித் தொட்டி எடத்த அடைக்குது, கல்லு அடைக்குது, விளிம்பு வரைக்கும் யாரும் தண்ணி நிரப்பறதில்ல. நான் 1,200 லிட்டர்னு வெச்சுக்கறேன். பாருங்க, நினைச்சதுல பாதி தான் இருக்கு. இந்த ஒரு தப்புனால செத்த மீன் நான் பாத்ததே ஏராளம், மருந்து போடறப்பவும் இதே தப்பு வந்து மருந்து ரெண்டு மடங்கு ஆயிடும்.

கணக்கு போட்டது சரியான்னு சந்தேகமா இருந்தா அடுத்த தடவை குளத்த முழுசா நிரப்பறப்ப ஒரு 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. 40 செகண்ட் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 30 லிட்டர், குளம் நிரம்ப 40 நிமிஷம் ஆச்சுன்னா 1,200 லிட்டர். எந்த வடிவத்துல இருந்தாலும் இது பொய் சொல்லாது. அந்த நம்பர ஒரு எடத்துல எழுதி வெச்சிடுங்க, குளம் இருக்கற வரைக்கும் தேவைப்படும்.

இப்ப கோய். இதச் சொல்றப்பதான் எனக்கும் கஷ்டமா இருக்கு, ஏன்னா குளம்னு சொன்னதும் எல்லார் மனசுலயும் வர்ற மீன் அதுதான், அப்பாவும் அத நினைச்சுத்தான் மண்ணு வெட்டியிருப்பார். ஆனா கோய்ங்கறது கெண்டை மீன் சாதி, பெரிய மீன். சாதாரணமா ரெண்டு அடி வளரும், 25, 30 வருஷம் இருக்கும். நல்லாக் கவனிச்சா ரெண்டு மூணு வருஷத்துலயே ஒரு அடியத் தாண்டிடும். கவர்ல 3 இன்ச்ல நீந்தறப்ப இது யாருக்கும் தோணாது, அதுதான் சிக்கலே.

நீளம் மட்டும் கூடினாப் பரவால்ல, நீளம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்காகும், ஏன்னா மீன் நீளத்துல மட்டுமில்ல, அகலத்துலயும் உயரத்துலயும் சேர்ந்து வளருது. 3 இன்ச் மீன் 24 இன்ச் ஆச்சுன்னா நீளம் 8 மடங்கு, எடை 512 மடங்கு. இன்னைக்கு உங்க குளத்துல இருக்கற ஒரு கோய் ஏறக்குறைய 8 கிராம் இருக்கும், வளர்ந்தா 4 கிலோ. நாலு மீனும் வளர்ந்தா இன்னைக்கு இருக்கற சைஸ்ல 2,000 மீன ஒரே குளத்துல விட்டதுக்குச் சமம். அத்தனை தீனி திங்கணும், அத்தனை மூச்சு விடணும், அத்தனை கழிவு போடணும், எல்லாம் அதே 1,200 லிட்டர்ல.

அதனாலதான் கோய்க்குன்னு நாங்க ஒரு கணக்கு வெச்சிருக்கோம், ஒரு மீனுக்கு 1,000 லிட்டர், அதுவும் மொத்தக் குளம் 4,000 லிட்டருக்குக் கீழ இருந்தா ஆரம்பிக்கவே கூடாது, ஆழம் 4 அடி வேணும். சில பேர் இதையே குறைவுன்னு சொல்வாங்க, நானும் மனசுக்குள்ள அந்தப் பக்கம்தான். உங்க குளத்துல கணக்குப்படி ஒரே ஒரு கோய் தான் வருது, ஆனா கோய் கூட்டமா இருக்கற மீன், ஒண்ணத் தனியா ஒன்றரை அடி ஆழத்துல விட்டா அது ஒரு மூலையில போய் நின்னுக்கும். ரெண்டு அடி மீனு, திரும்பறதுக்கே எடம் பாக்கணும். அதனால என் பதில், ஒண்ணு கூட வேண்டாம்.

"குளத்துக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளரும்"னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் பேச்சு எல்லா எடத்துலயும் இருக்கு, கேட்டுக் கேட்டு எனக்கு வயித்தெரிச்சலே வந்திருக்கு. சின்ன எடத்துல மீன் வளராம நிக்கறது உண்மைதான், ஆனா அது எடத்தப் பாத்து மீனே முடிவு பண்றதில்ல, தண்ணி கெட்டுப் போயி, கழிவு சேர்ந்து, மன அழுத்தத்துல வளர முடியாமப் போறது. ஒரு குழந்தைய நல்ல சாப்பாடு கொடுக்காம வளத்துட்டு வீட்டு சைஸுக்கு ஏத்த மாதிரி வளர்ந்திருக்குன்னு சொல்ற மாதிரி அது. அப்படி நின்னு போன மீன் முதுகு வளைஞ்சு, நோய் எதிர்ப்பு இல்லாம, 25 வருஷம் இருக்க வேண்டியது சில வருஷத்துலயே போயிடும். இதுல இன்னொரு கொடுமை, தண்ணிய நல்லா வெச்சுக்கறவங்க குளத்துல மீன் வளர்ந்தே தீரும், அப்ப எடம் பத்தாது.

அப்ப உங்க குளத்துக்கு என்ன பொருந்தும்? அப்பா ஆசையையும் வெச்சு யோசிச்சா எனக்கு முதல்ல தோணறது சராசா காமெட். இது கோல்ட்ஃபிஷ் வகைதான், வெள்ளை ஒடம்புல சிவப்புத் திட்டு, நீளமான ஒத்தை வாலு. மேல இருந்து பாத்தா சிவப்பு வெள்ளை கோய் மாதிரியே இருக்கும், மீசை இருக்கான்னு உத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும், கோய்க்கு வாயோரம் மீசை உண்டு, கோல்ட்ஃபிஷுக்குக் கிடையாது. அதோட ரெண்டு ஷுபுன்கின் சேத்துக்கலாம், நீலம், கறுப்பு, ஆரஞ்சுன்னு புள்ளி புள்ளியா இருக்கும், அதுல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. குளத்துக்கு மீன் எடுக்கறப்ப ஒரு விஷயம் நிறையப் பேர் மறந்துடறாங்க, நாம பாக்கப் போறது மேல இருந்து, பக்கவாட்டுல இல்ல. கண்ணாடித் தொட்டியில ஜொலிக்கற எத்தனையோ சின்ன மீன் மேல இருந்து பாத்தா ஒரு கறுப்புக் கோடு, அவ்ளோதான். கோல்ட்ஃபிஷ் சீனாவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல குளத்துலயும் தொட்டியிலயும் மேல இருந்து பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்து வளத்த மீன், கோயும் ஜப்பான்ல நீகாட்டா மலைப்பக்கம் நெல் விவசாயிங்க 1800கள்ல அப்படித்தான் நிறம் பிரிச்சு எடுத்தாங்க, 1914ல டோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டு போனப்பதான் மத்தவங்களுக்கு அது பெருசாத் தெரிய வந்துச்சு. கண்ணாடித் தொட்டி வீட்டுக்குள்ள வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ரெண்டு மீனோட அழகும் முதுகுல வந்து உக்காந்தாச்சு.

எத்தனை விடலாம்னா, நான் ரெண்டு கணக்கு போட்டு சின்னத எடுத்துக்குவேன். பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, மேல்பரப்பு ஒரு சதுர அடிக்கு ஒரு இன்ச் மீன். காத்துல இருக்கற ஆக்சிஜன் தண்ணிக்குள்ள இறங்கறது மேல்பரப்பு வழியாத்தான், அதனால அதுல அர்த்தம் இருக்கு. உங்களுக்கு 31 சதுர அடி, காமெட் வளர்ந்தா 8ல இருந்து 10 இன்ச், ஆக 3 இல்ல 4 மீன். இன்னொரு கணக்கு, ஃபில்டர் நல்லா ஓடற குளத்துல ஒத்தை வாலு கோல்ட்ஃபிஷ் ஒண்ணுக்கு 200 லிட்டர், அப்படிப் பாத்தா 6 வருது. நான் சொல்றது 4 மீன்ல நிறுத்துங்க, ஒரு வருஷம் கழிச்சு தண்ணி நல்லா இருந்தா அஞ்சாவதப் பத்தி யோசிக்கலாம். ரெண்டு கணக்குலயும் பாத்தீங்கன்னா வளர்ந்த சைஸத்தான் போட்டிருக்கேன், வாங்கற சைஸ இல்ல. 2 இன்ச் மீன வெச்சுக் கணக்கு போட்டா 15 மீன் வரும், அப்படித்தான் எல்லாரும் மாட்டிக்கறாங்க.

நாலு மீன் கம்மியாத் தெரியும், ஒத்துக்கறேன். முதல் மாசம் குளம் வெறிச்சோடிக் கிடக்கற மாதிரி இருக்கும், அப்பா கேப்பார். பொறுத்துக்கச் சொல்லுங்க. கோல்ட்ஃபிஷ் நல்லா இருந்தா அதுவே முட்டை போடும், பெரும்பாலும் அதுகளே தின்னுடும், அல்லி இலைக்கு அடியில தப்பிச்சது ஒண்ணு ரெண்டு வளர்ந்து வரும், முதல்ல பழுப்பு நிறத்துல இருந்து அப்புறம் மாசக்கணக்குல நிறம் மாறும், அதப் பாக்கறது கடையில வாங்கறத விட எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. இந்த மீனோட ஆயுசும் சாதாரணமில்ல, 10, 15 வருஷம் சகஜம், 20 தாண்டினதும் உண்டு, கின்னஸ் பதிவுல இருக்கற ஒரு கோல்ட்ஃபிஷ் 43 வருஷம் இருந்திருக்கு.

ஃபேன்ஸி வகை இருக்கு பாருங்க, ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர், கண்ணுக்குக் கீழ பை தொங்குமே பபுள் ஐ, அதெல்லாம் இந்த காமெட் கூட சேக்காதீங்க. உருண்டை ஒடம்பு, ரெட்டை வாலு, மெதுவாத்தான் நீந்தும், காமெட் வந்து தீனியப் பூரா அள்ளிட்டுப் போயிடும், இதுங்க பட்டினி. பூனை, மீன்கொத்தி, கொக்கு வந்தாலும் முதல்ல மாட்டறது இதுங்கதான். அப்பாவுக்கு ஃபேன்ஸிதான் பிடிக்கும்னா அத மட்டும் தனியா விடுங்க, மேல வலை போடுங்க, குளிர் ரொம்ப ஆகற எடமா இருந்தா அந்த மாசங்கள்ல உள்ள எடுத்து வெச்சிடுங்க. காமெட்டும் ஷுபுன்கினும் குளிர நல்லாத் தாங்கும், தண்ணி அடிவரைக்கும் உறைஞ்சு போகாம இருந்தாப் போதும். இந்த சாதி மீனுக்கு ஒரு வித்தை உண்டு, ஐஸுக்கு அடியில ஆக்சிஜன் தீந்து போனாக் கூட ஒடம்புல சேர்ற லாக்டிக் ஆசிடை ஆல்கஹாலா மாத்தி செவுள் வழியா வெளிய விட்டு சமாளிக்கும். அதுக்காக நாம ஆக்சிஜன் கொடுக்காம விடக்கூடாது, ஐஸ் கட்டற எடம்னா மேல ஒரு ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கணும், கழிவு வாயு வெளிய போக.

கோல்ட்ஃபிஷே வேண்டாம், குளம் பூரா மீன் ஓடணும்னு அப்பா ஆசைப்பட்டா இன்னொரு வழி இருக்கு, என்னைக் கேட்டா 1,200 லிட்டருக்கு இதுதான் இன்னும் அழகு. சின்ன மீன் கூட்டம். எடம் வருஷம் பூரா வெதுவெதுப்பா இருக்கும்னா கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன், இதுங்க தண்ணி 18 டிகிரிக்குக் கீழ போகாம இருந்தா நல்லா இருக்கும். குளிர் காலத்துல அதுக்குக் கீழ போகும்னா ஒயிட் கிளவுட் மினோ, இல்ல மெடாக்கான்னு சொல்ற ஜப்பான் நெல்வயல் மீன், ரெண்டும் ஒன்றரை இன்ச்தான், குளிர நல்லாத் தாங்கும். மெடாக்காவுல வெள்ளை, ஆரஞ்சு, முதுகுல வெள்ளி மின்னற வகையெல்லாம் மேல இருந்து பாக்கறதுக்குன்னே உருவாக்கினது, 1994ல விண்வெளிக்குப் போயி அங்கேயே இனப்பெருக்கம் பண்ண மீனும் இதுதான். 15, 20 விட்டு ஆரம்பிங்க, ஒரு வருஷத்துல அதுங்களே குளத்த நிரப்பிடும். கப்பி நாலு வாரத்துக்கு ஒரு தடவை குட்டி போடும், ஒரு தடவை சேந்தாலே பெண் மீன் அந்த விந்த மாசக்கணக்குல வெச்சிருந்து திரும்பத் திரும்பக் குட்டி போடும், அதனால "பெண் மட்டும் வாங்கினேன், எப்படிக் குட்டி வந்துச்சு"ன்னு யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்ல. ரொம்பப் பெருகினா எடுத்துக் கொடுக்க ஆள் பாத்து வெச்சுக்கணும், இது மட்டும்தான் வேலை.

கொசுவுக்கு தனியா ஒண்ணும் வேண்டாம், கப்பியோ மெடாக்காவோ இருந்தாலே புழு தப்பிக்காது, கோல்ட்ஃபிஷும் சாப்பிடும். வெயில் நேரத்துல கொசு முட்டையில இருந்து பறக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகுது, மீன் நாள் பூரா மேய்ஞ்சுக்கிட்டே இருக்கறதால அந்த பத்து நாளைத் தாண்டறது கஷ்டம். ஓரத்துல இருக்கற செடித் தொட்டியில, கல் இடுக்குல மீன் போக முடியாம நிக்கற தண்ணியத்தான் பாத்துக்கணும். கொசுமீன்னு சொல்ற கம்பூசியா வாங்கச் சொல்வாங்க, வேண்டாம். அது மத்த மீனோட வால கடிச்சுக் குதறும், தவளைக் குஞ்சத் திங்கும், வெளிய தப்பிச்சா அந்த ஊர் மீனையே அழிச்சிடும், உலகத்துல மோசமான 100 அந்நிய உயிரினங்கள்னு போட்ட பட்டியல்ல அதுக்கும் எடம் உண்டு. அப்பாவுக்குத் தவளை வரணும்னு ஆசை இருந்தா ஒண்ணு சொல்லிடறேன், எந்த மீன் விட்டாலும் தலைப்பிரட்டை குறையும், தவளைக்குன்னா மீனே இல்லாத இன்னொரு சின்னத் தொட்டிதான் சரி.

கோல்ட்ஃபிஷ் கூட கப்பி சேக்கலாமான்னா, சேக்கலாம், ஆனா வாயில அடங்கறது எல்லாமே கோல்ட்ஃபிஷுக்குத் தீனிதான். செடி அடர்த்தியா இருந்தா கொஞ்சம் தப்பிக்கும், அத நீங்க ஏத்துக்க முடியும்னா சரி.

சக்கர் மீன் விஷயத்துல ரொம்ப உறுதியாச் சொல்றேன், வாங்காதீங்க. பாசி திங்கும்னு விக்கறாங்க, சின்னதுல கொஞ்சம் திங்கும், வளர வளர மத்த மீனோட தீனிக்கு வந்துடும், ஒன்றரை அடி வரைக்கும் வளர்ந்து அது போடற கழிவே புதுப் பாசிக்கு உரமாயிடும். உங்க பச்சைத் தண்ணியில இருக்கறது மிதக்கற பாசி, அத சக்கர் மீனால திங்கவே முடியாது. திலாப்பியா, பங்காசியஸ், பாக்கு, இந்த மாதிரி "அழகாக் குட்டியா இருக்கு"ன்னு தொட்டியில வெச்சு விக்கற பெரிய மீன் எதையும் தொடாதீங்க. இதுல எதையாவது ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தா ஏரியிலயோ ஆத்துலயோ கொண்டு போய் விட்டுடாதீங்க, கோய், கோல்ட்ஃபிஷுக்கும் இதேதான். பாவம்னு நினைச்சு விடறோம், அங்க இருக்கற மீனுக்குத்தான் பாவம்.

பச்சைத் தண்ணிக்கு மருந்து ஊத்தாதீங்க, பாசி ஒரேயடியா செத்து அழுகினா ஆக்சிஜன் இன்னும் கீழ போகும். அல்லி இலை மேல்பரப்புல பாதிய மூடற வரைக்கும் வளரட்டும், நிழல் விழுந்தாலே பாசி அடங்கும். தீனி குறைஞ்சா பாசிக்கு உரம் குறையும். ரெண்டு மாசத்துலயும் தெளியலன்னா பம்ப் லைன்ல மிதக்கற பாசியக் கொல்ற ஒரு யூவி (புற ஊதா) லைட் மாட்டலாம். அல்லி விஷயத்துலயும் கோய் உங்களுக்கு ஒத்து வராது, வளர்ந்த கோய் தொட்டி மண்ணத் தோண்டி வேரோட வெளிய இழுத்துப் போட்டுடும்.

புதுக் குளத்துல இன்னொரு சங்கதி. மீன் செவுள் வழியாவே அம்மோனியா வெளிய விடுது, அது விஷம், அத நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டும் விஷம், அத நைட்ரேட்டா மாத்த இன்னொரு பாக்டீரியா. இந்த ரெண்டும் ஃபில்டர்ல குடியேற நாலுல இருந்து எட்டு வாரம் ஆகும், மீன் வந்து அம்மோனியா கொடுத்தாத்தான் அதுங்களும் பெருகும். உங்களோடது மீன் வந்து ஒரு வாரம்தான் ஆகுது. பச்சைத் தண்ணியில பிஎச் சாயந்திரம் நல்லா ஏறிடும், பிஎச் ஏறினா அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகும், அதனால காலையில மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு நல்லா இருக்குன்னு இருந்துடாதீங்க. எந்த நாள் ரீடிங்ல அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரியுதோ அன்னைக்குக் கால்வாசித் தண்ணி மாத்துங்க. பம்ப் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது குளத்துத் தண்ணி முழுசயும் சுத்தணும், உங்களுக்கு மணிக்கு 600 லிட்டர் ஓடற பம்ப் குறைஞ்சபட்சம், அது ஃபில்டர் வழியாப் போகணும், சும்மா நீரூத்து மட்டும் போதாது.

இப்ப இருக்கற 4 கோய என்ன பண்றதுன்னா, அவசரப்பட வேண்டாம், இன்னும் 8 கிராம் குட்டிங்கதான், சில மாசம் உங்க குளத்துல இருக்கலாம். அதுங்க இருக்கறப்பவே ஃபில்டரும் பழகிடும். அதுக்குள்ள பெரிய குளம் வெச்சிருக்கற ஒருத்தரக் கண்டுபிடிங்க, ஆறு இன்ச் ஆகறதுக்குள்ள கொடுத்துடுங்க. அது வரைக்கும் வேற எந்த மீனும் வாங்காதீங்க.

அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேட்டீங்க. நீங்க கட்டினது தப்புன்னு சொல்லாதீங்க, தப்பே இல்ல, 1,200 லிட்டர்ல அல்லியோட ஒரு குளம் நல்ல குளம், அதுக்குத் தப்பான மீன சிபாரிசு பண்ணிட்டாங்க, அவ்ளோதான். 3 இன்ச்சையும் 24 இன்ச்சையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெட்டி, அந்த ரெண்டு அடி பேப்பர் நாலு வெட்டிக் குளத்தோரம் வெச்சுக் காட்டுங்க, சொந்தக் கையால குளம் கட்டினவர், அளவப் பாத்தாலே புரிஞ்சுக்குவார். அப்பவும் கோய்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு, இதத் தொடாம பக்கத்துல 12 அடிக்கு 8 அடி, 4 அடி ஆழம், நேர்ச் சுவர், அடியில கழிவு போற பைப், தனி ஃபில்டர், தண்ணி முழுசயும் மணிக்கு ஒரு தடவை சுத்தற பம்ப்போட கட்டினா 10,800 லிட்டர் கிடைக்கும், அதுல 6, 7 கோய் நிம்மதியா ஆயுசு முழுக்க இருக்கும். வெட்டறதுக்கு முன்னாடி எழுதுங்க, ஃபில்டர் எடம் எங்க விடணும்னு சேந்து பாக்கலாம், கட்டினதுக்கு அப்புறம் அத மாத்தறது ரொம்ப சிரமம்.

காமெட் வாங்கற அன்னைக்கு ரெண்டு மட்டும் வாங்குங்க, நேராக் குளத்துல விடாம ஒரு தனித் தொட்டியில மூணு வாரம் வெச்சுப் பாத்துட்டு விடுங்க, புது மீன் கூடவே வர்ற நோய்தான் பழைய மீனக் கொல்லும். அடுத்த ரெண்டு, அதுக்கு அப்புறம் ஒரு மாசம் கழிச்சு. தீனி ரெண்டு மூணு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு போதும், தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனா நிறுத்திடுங்க, அந்தக் குளிர்ல அதுக்கு ஜீரணம் ஆகாது. இப்போதைக்கு பம்ப ராத்திரி ஓட விட்டு நாலு நாள் விடியக்காலையில குளத்தப் போய்ப் பாருங்க, டெஸ்ட் கிட் வந்ததும் காலையில ஒரு ரீடிங், சாயந்திரம் ஒரு ரீடிங் எடுத்து அனுப்புங்க, மீனு அப்பவும் மேல வருதான்னும் சேத்து எழுதுங்க.